பாசிக்குடாவுக்குப் போனால் எங்கே தங்குவது: மட்டக்களப்பு டவுனா, வாழைச்சேனையா, கல்குடாவா?

ஏப்ரல், ஆகஸ்ட் விடுமுறை கிட்டினால் எங்கள் வீட்டு போன் ஓயாது. வத்தளையில் இருக்கும் சித்தி, பதுளைப் பக்கம் கலியாணம் முடித்துப் போன மச்சாள், வவுனியாக் கூட்டாளி என்று எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பாசிக்குடாவுக்கு வாறம், எங்க தங்கினா மலிவு?" நான் மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தவன். சிறு வயதிலிருந்து அந்தக் கடலில் குளித்தவன். ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பல வருடம் பிழையான பதிலைத்தான் சொல்லி வந்தேன். "டவுனில் எங்கட வீட்டுக்குப் பக்கத்தில ஒரு ரூம் எடுங்கோ, அங்கயிருந்து பஸ்ஸில போயிட்டு வரலாம்" என்பேன்.

அது ஏன் பிழை என்று ஒரு சித்திரை விடுமுறையில் விளங்கியது. சித்தி குடும்பம் டவுனில் தங்கியிருந்தது. காலைச் சாப்பாடு முடித்து, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, பஸ் பிடித்து, வாழைச்சேனையில் இறங்கி ஓட்டோ எடுத்துக் கடற்கரையில் கால் வைக்கும்போது பதினொரு மணி. மணல் கொதித்தது. மூன்று மணித்தியாலம் வெயிலில் கிடந்து பிள்ளைகளின் தோளெல்லாம் சிவந்துபோனது. நாலரைக்குத் திரும்ப வெளிக்கிட்டோம். அப்போதுதான் வெயில் தணிந்து, தண்ணீர் கண்ணாடி போல அசையாமல் கிடந்தது. அம்மா முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "இப்பதானே மனே கடல் நல்லாயிருக்கு, இப்ப ஏன் வெளிக்கிடுற?" என்று கேட்டா. பஸ் போய்விடும் என்றேன்.

பாசிக்குடாவில் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரையும், பின்னேரம் நாலு மணியிலிருந்து இருட்டும் வரையும்தான் சுகமாகக் குளிக்கலாம். இடைப்பட்ட நேரம் வெயிலுக்குச் சொந்தம். இதை வைத்துத்தான் தங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். அறை வாடகையை மட்டும் பார்த்து முடிவு எடுத்தால், காசை மிச்சம் பிடித்துவிட்டு, வந்த காரியத்தை இழந்துவிடுவோம்.

முதலில் தூரம். மட்டக்களப்பு டவுனிலிருந்து பாசிக்குடா வடக்கே சுமார் 35 கிலோமீற்றர். ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, கிரான் தாண்டி வாழைச்சேனைச் சந்தி வரும். அங்கிருந்து கடல் பக்கம் திரும்பும் வீதியில் கல்குடா, அப்புறம் பாசிக்குடா. சந்தியிலிருந்து கடற்கரைக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர்.

வெளியூர்க்காரர் கவனிக்க மறப்பது ஒன்று உண்டு. கொழும்பு, யாழ்ப்பாணம், வவுனியாவிலிருந்து ஹபரணை, பொலன்னறுவை வழியாக வந்தாலும், திருகோணமலையிலிருந்து மூதூர், வாகரை வழியாக வந்தாலும், வாழைச்சேனைதான் முதலில் வரும். டவுன் அதற்குப் பிறகு. டவுனுக்குப் போய் அறை எடுத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பி வருவதென்றால், கடந்துவந்த 35 கிலோமீற்றரைத் திரும்பவும் காசு கொடுத்து ஓடுகிறீர்கள். பதுளையிலிருந்து பிபிலை, மகா ஓயா வழியாக வருபவர்கள் செங்கலடியிலேயே இறங்கி, வடக்கே போகும் பஸ்ஸில் மாறலாம். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குத்தான் டவுன் உண்மையில் வழியில் இருக்கிறது.

கடலோர ரிசோர்ட்டுகள்

பாசிக்குடாவில் எழுபதுகளிலேயே சுற்றுலா ஹோட்டல்கள் இருந்தன. யுத்தமும் 2004 டிசம்பர் 26 சுனாமியும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டன. 2009க்குப் பிறகு அரசு அதைச் சுற்றுலா வலயமாக்கியது. குடாவை வளைத்து மாலு மாலு, அமாயா, உகா பே என்று பெரிய ஹோட்டல்கள் வரிசையாக எழும்பின. மலிவான அறைகள் கடலோரத்தில் இல்லாமல் பின்னுக்கு, கல்குடாப் பக்கம் இருப்பதற்கும் இதுவே காரணம்.

சாதாரணச் சம்பளக் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகாது. தேனிலவுக்கோ, அம்மா அப்பாவின் அறுபதாம் கலியாணத்துக்கோ ஒரு இரவு என்றால் தாராளமாகப் போங்கள். கதவைத் திறந்தால் கடல். அப்படிப் போவதென்றால் போனில் நேரடியாகப் பேசி, உள்ளூர்வாசிகளுக்கான கட்டணம் என்ன, அதில் எத்தனை நேரச் சாப்பாடு சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். வரியும் சேவைக் கட்டணமும் தனியா, உள்ளேயா என்பதையும் கேட்காவிட்டால் பில் வரும்போது திடுக்கிட வேண்டியிருக்கும். இரவு தங்காமல் பகல் சாப்பாட்டோடு நீச்சல்குளத்தைப் பாவிக்க விடுவார்களா என்றும் விசாரித்துப் பார்க்கலாம்.

ரிசோர்ட்டில் தங்காதவர்களுக்கும் அந்தக் கடல் அதே கடல்தான். கடற்கரை எல்லாருக்கும் பொது. வாகனம் நிறுத்துகிற, கடைகள் இருக்கிற பொதுப் பகுதியால் இறங்கினால் அதே ஆழமில்லாத தண்ணீர், அதே மணல்.

டவுன்

மட்டக்களப்பு டவுனிலும் கல்லடியிலும் அறைகளுக்குப் பஞ்சமில்லை. போட்டி இருப்பதால் பேரம் பேசலாம். சாப்பாடும் மலிவு. ஒல்லாந்தர் கோட்டை, 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலம், பாலமீன்மடு வெளிச்சவீடு, அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் எல்லாம் கிட்டக்கிட்ட. கோயில், வாவி, சொந்தக்காரர் வீடு, அதோடு ஒரு நாள் கடல் என்று வருபவர்களுக்கு டவுன்தான் சரி. நடக்கக் கஷ்டப்படும் பெரியவர்கள் இருந்தாலும் டவுன் நல்லது. டாக்டர், பார்மசி எல்லாம் ஓட்டோவில் ஐந்து நிமிடம்.

கடலுக்காகவே வருபவர்களுக்குக் கணக்கு உதைக்கும். நாலு பேர் குடும்பம், இரண்டு இரவு என்று எடுப்போம். டவுனில் அறை ஒரு இரவுக்கு 6,000 ரூபாய், கல்குடாவில் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இரவுக்கும் டவுனில் 4,000 ரூபாய் மிச்சம். ஆனால் ஓட்டோவுக்குக் கிலோமீற்றருக்கு 100 ரூபாய் போட்டால், டவுனிலிருந்து போகவர 70 கிலோமீற்றருக்கு 7,000. காத்து நிற்கும் காசு வேறு. ஒரே நாளில் மிச்சமெல்லாம் போய், மேலே 3,000 கைநட்டம். பஸ்ஸில் போனால் காசு மிஞ்சும், உண்மைதான். ஆனால் வாழைச்சேனைக்கே ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. கல்குடாவுக்குள் நேரே போகும் பஸ் நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது. பெரும்பாலும் சந்தியில் இறங்கி ஓட்டோதான்.

டவுனில்தான் தங்குவோம் என்பவர்களுக்கு நான் இப்போது சொல்வது இது: முதல்நாள் இரவே ஓட்டோவையோ வானையோ பேசி வைத்து, விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிடுங்கள். ஆறு மணிக்குக் கடல். பத்து மணிக்குக் கரையேறி, வரும் வழியில் சாப்பிட்டுவிட்டு டவுனுக்குத் திரும்பலாம். கிழக்குக் கரையில் சூரியன் எழும்புவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். இப்படிப் போனால் வாகனக் காசு வீண் போகாது.

ஆடி அமாவாசையை ஒட்டி மாமாங்கத் திருவிழா நடக்கும் நாட்களில் டவுனில் அறை தேடுவது கஷ்டம். அந்த நாட்களில் வருபவர்கள் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

வாழைச்சேனை, ஓட்டமாவடி

இங்கே தங்க நான் அதிகம் சொல்வதில்லை. அறைகள் குறைவு. பிரதான வீதியில் இரவிரவாக லொறியும் நெடுந்தூர பஸ்ஸும் ஓடும் சத்தம். ஆனால் நேரங்கெட்ட நேரத்தில் பஸ்ஸில் வந்து இறங்குபவர்களுக்கு ஒரு இரவுக்கு உதவும். ஏடிஎம், ஆதார வைத்தியசாலை, கடைத்தெரு எல்லாம் உண்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டமாவடியில் கொத்தும் புரியாணியும் நன்றாக இருக்கும். கல்குடாவில் தங்கியிருந்தாலும் ஒரு இரவு அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கல்குடா

என் தெரிவு இதுதான். கல்குடாவுக்கும் பாசிக்குடாவுக்கும் இடையில், வீதியோரமும் உள் ஒழுங்கைகளிலும் சிறு விடுதிகளும், வீட்டின் ஒரு பக்கத்தை அறையாக்கி விடுபவர்களும் இருக்கிறார்கள். சித்தி குடும்பத்தை அடுத்த முறை இப்படி ஒரு வீட்டில்தான் தங்க வைத்தேன். வாசலில் கால் கழுவ ஒரு குழாய், பக்கத்தில் மணல் உதற ஒரு சாக்கு, மாமரத்துக்கும் கிணற்றுத் தூணுக்கும் இடையில் ஈரத்துணி காயப்போட ஒரு நீளக் கயிறு. கடலுக்கு வருபவர்களை அறிந்த வீடு என்று பார்த்ததுமே தெரிந்தது. வீட்டுக்கார அக்கா காலையில் எங்களைத் தேத்தண்ணியோடு கடலுக்கு அனுப்பிவிட்டு, ஒன்பதரைக்குத் திரும்பும்போது பிட்டும் மீன் குழம்பும் சுடச்சுட வைத்திருந்தா. பகல் முழுக்கப் பிள்ளைகள் மின்விசிறிக்குக் கீழே படுத்துத் தூங்கினார்கள். நாலு மணிக்குத் திரும்பவும் கடல். இரண்டு நாளில் நாலு முறை குளித்தோம்.

எல்லா வீடும் இப்படி இருக்காது. ஒருமுறை போனில் "கடலுக்குப் பக்கம்தான்" என்று சொன்னதை நம்பிக் காசு போட்டேன். போய்ப் பார்த்தால் கடற்கரைக்கு மூன்று கிலோமீற்றர். அன்றிலிருந்து "எத்தனை கிலோமீற்றர், நடந்தால் எத்தனை நிமிடம், எந்தக் கடற்கரைக்கு?" என்று மூன்றாகப் பிரித்துத்தான் கேட்பேன். மூன்றாவது கேள்வி முக்கியம். கல்குடாக் கடற்கரை வேறு, பாசிக்குடா வேறு. பாசிக்குடா பவளப்பாறை அரணுக்குள் இருக்கும் குடா. வெகுதூரம் நடந்துபோனாலும் தண்ணீர் இடுப்பளவுதான். கல்குடா நீண்ட, திறந்த கடற்கரை. தென்னைகளும் அமைதியும் அழகுதான். ஆனால் அலையும் ஆழமும் உண்டு. சிறு பிள்ளைகளைக் குளிக்க விட பாசிக்குடாவுக்குத்தான் வரவேண்டும்.

குழாயில் வருவது உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா என்றும் கேளுங்கள். கடலில் குளித்து வந்து உவர்த் தண்ணீரில் தலை முழுகினால் பிசுபிசுப்புப் போகாது. ஏசி தேவையில்லை என்றால் அதைச் சொல்லியே விலை பேசுங்கள். ஏசி இருக்கும் அறையையே ஏசி போடாமல் குறைத்துத் தருபவர்களும் உண்டு. ஒரு அறையில் நாலு பேர் படுக்கலாமா, மெத்தைக்குத் தனிக் காசா என்பதையும் முதலே தீர்த்துக்கொள்ளுங்கள்.

வந்து சேரும் வழி

கொழும்பிலிருந்து ஆள் கணக்கில் மலிவு ரயில்தான். மட்டக்களப்புப் பாதையில் புணானைக்கு அடுத்துப் பெரிய நிலையம் வாழைச்சேனை, அதற்கடுத்து கல்குடா. கல்குடா நிலையத்தில் இறங்கினால் கடற்கரை கிட்ட. ஆனால் நீங்கள் ஏறும் ரயில் அங்கே நிற்குமா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். இல்லாவிட்டால் வாழைச்சேனையில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். பகல் ரயிலில் மன்னம்பிட்டிப் பக்கம் மகாவலியைக் கடப்பதைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். பஸ் அதிகம், நேரமும் வசதி. மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறியதும் வாழைச்சேனைச் சந்தியில் இறக்கிவிடும்படி கண்டக்டரிடம் சொல்லி வையுங்கள். இரவு பஸ்ஸில் தூங்கிவிட்டால் விழிக்கும்போது டவுனில் நிற்பீர்கள்.

எட்டு, பத்துப் பேர் சேர்ந்து வந்தால் வான் கட்டுப்படியாகும். கடற்கரைக்குப் போகவரத் தனிச் செலவில்லை, ஓட்டமாவடிக்குச் சாப்பிடப் போகலாம், வழியில் பொலன்னறுவையையும் பார்க்கலாம். ஆனால் டிரைவருக்குச் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு என்று முதலே பேசுங்கள். பத்து மணித்தியாலம் ஓடிய மனிதரை வானுக்குள் கொசுக்கடியில் படுக்கவிட்டு நாம் அறையில் தூங்கக் கூடாது. சின்ன விடுதிகளில் கேட்டால் ஒரு கட்டிலாவது ஒதுக்கித் தருவார்கள். ஹபரணையிலிருந்து புணானை வரையான வீதியில் இரவில் யானை நிற்கும். இருட்டுமுன் வாழைச்சேனையை அடையும்படி வெளிக்கிடுங்கள்.

இரண்டே பேர் என்றால் கல்குடாவில் சைக்கிள் கிடைக்குமா என்று விடுதியில் கேளுங்கள். வீதி மட்டம், ஏற்றம் இறக்கம் கிடையாது.

சித்தி இந்த ஆண்டும் போன் எடுத்தா. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் வரப்போவதாகச் சொன்னா. அந்த வாரம் அறை விலை ஏறும், கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது. ஒரு வாரம் தள்ளி, போயா இல்லாத கிழமை நாட்களாகப் பார்த்து வரச்சொன்னேன். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மாரி மழை, அப்போது கடலுக்கென்று வர வேண்டாம். கல்குடா அக்காவோடு பேசி அதே அறையைச் சொல்லி வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பழைய ரப்பர் செருப்பு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். குடாவின் ஓரங்களில் பவளக்கல் காலைக் கிழிக்கும்.