கிரொனா, சிஸ்டம்டி ரைமரா?

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு கடைக் கணினி இரவு 2 மணிக்குக் காப்புப்பிரதி எடுக்கவேண்டும். லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் பழைய கருவியான கிரொனில் ஒரே வரிதான். ஆனால் அந்நேரம் கரண்ட் இல்லாவிட்டால் அன்றைய வேலை போனதுதான். விடிய இயந்திரத்தைப் போட்டாலும் கிரொன் திரும்பிப் பார்க்காது.

லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியிலும் இதே வேலைக்கு ரைமர் உண்டு. அதற்கு இரண்டு கோப்பு எழுதவேண்டும்: என்ன ஓடவேண்டும் என்பதற்கு சேர்விஸ், எப்போது என்பதற்கு ரைமர். கொஞ்சம் அலுப்புத்தான். ரைமர் கோப்பில் ‘பெர்சிஸ்டென்ட்=ட்ரூ’ என்று இருந்தால், தவறிய வேலை இயந்திரம் எழும்பியதும் ஓடும். ‘ஒன்கலண்டர்’ என நேரம் குறித்தவற்றுக்கு மட்டுமே இது பலிக்கும். பலர் பிழைவிடுவது இங்கேதான்: எனேபிள் செய்யவேண்டியது (இயந்திரம் எழும்பும்போதே தானாகத் தொடங்கவைப்பது) ரைமரை, சேர்விஸை அல்ல. கோப்பைத் திருத்தினால், சிஸ்டம்டி அதைத் திரும்ப வாசிக்க ‘சிஸ்டம்சிரிஎல் டீமன்-ரீலோட்’ அடிக்கவேண்டும். அடுத்த ஓட்டம் எப்போது என்பதை ‘சிஸ்டம்சிரிஎல் லிஸ்ட்-ரைமர்ஸ்’ காட்டும். பிழைகள், பதிவுகளைக் காட்டும் ‘ஜேர்னல்சிரிஎல்’லில் கிடக்கும்.

எந்நேரமும் நிற்காமல் ஓடும் சேர்வர் என்றால் கிரொனே காணும்.