லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது: சிட்காம், கார்ட்டூன் கதைகளோடு 20 ஆண்டுகள்

ஒருவரையொருவர் பிடிக்காத இருவர் லிஃப்டுக்குள் நுழைகிறார்கள். கதவு மூடுகிறது. விளக்கு ஒருமுறை மினுக்கும், லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நிற்கும், எபிசோட் முடிவதற்குள் இருவரும் மனம்விட்டுப் பேசி வெளியே வருவார்கள் என்பது எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிடுகிறது. 20 ஆண்டுகளுக்கும் மேலாக, சிட்காம் எனப்படும் நகைச்சுவைத் தொடர்களையும் கார்ட்டூன்களையும் விடாமல் பார்த்துவருகிறேன். இடையில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எபிசோடுக்கு ஒரு வரி என்று கதைக்கருவை எழுதிவைக்கத் தொடங்கினேன். சில மாதங்களிலேயே பல வரிகளில் "மேற்படி" என்று மட்டும் எழுதவேண்டியதாயிற்று.

நோட்டில் அடிக்கடி வந்தவை இவை: தலையில் அடிபட்டு நினைவு போவது, இன்னொரு அடியில் அது திரும்புவது, ஒரே மாலைக்கு இரண்டு பேரிடம் வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு இங்குமங்கும் ஓடுவது, கதவுக்குப் பின்னால் நின்று பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டு முழுவதையும் தவறாகப் புரிந்துகொள்வது, இருவரின் உடல்கள் மாறிப்போவது, கடைசியில் எல்லாம் கனவு என்று விழித்துக்கொள்வது. ஆள்மாறாட்டத்தைச் சொல்லவே வேண்டாம். ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸ், கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே அதை மேடையேற்றிவிட்டார்.

அரைத்த மாவையே அரைக்கிறார்களே என்று பல ஆண்டுகள் கோபப்பட்டேன். இந்தத் தொடர்கள் எப்படித் தயாராகின்றன என்று படித்த பிறகு கோபம் பாதியாகக் குறைந்தது. 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி'யின் முதல் சீசனில் மட்டும் 35 எபிசோடுகள். 1955-56இல் வந்த 'தி ஹனிமூனர்ஸ்' ஒரே சீசனில் 39 எபிசோடுகள். பின்னாளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்த எண்ணிக்கை இருபத்திரண்டு, இருபத்து நான்கு என்று குறைந்தாலும் வாரத்துக்கு ஒரு கதை வேண்டும் என்ற நெருக்கடி போகவில்லை. இதோடு இன்னொரு கட்டாயமும் உண்டு. மறுஒளிபரப்பில் எந்த எபிசோடை எந்த வரிசையில் போட்டாலும் பார்ப்பவருக்குப் புரியவேண்டும். அப்படியானால் எதுவும் நிலையாக மாறக்கூடாது; கதை புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரவேண்டும். நினைவிழப்பு, உடல்மாற்றம், கனவு மூன்றும் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் கதைகள். எழுத்தாளர்கள் அவற்றை நோக்கி ஓடியதில் வியப்பில்லை.

பணமும் ஒரு காரணம். சீசனில் ஏதோ ஓர் எபிசோடில் செலவு எகிறிவிட்டால், இன்னொன்றை ஒரே அறையில், வெளிநடிகர்கள் இல்லாமல் எடுத்துச் சரிக்கட்டுவார்கள். இதற்கு 'பாட்டில் எபிசோட்' என்று பெயர். தொடக்கத்தில் இந்த வகையை நான் மதிக்கவே இல்லை. இன்று எனக்கு மிகப் பிடித்த வகை இதுதான். 'சைன்ஃபெல்ட்' 1991இல் ஓர் உணவகத்தில் மேசைக்காகக் காத்திருக்கும் மூவரை மட்டும் காட்டியது. அவர்கள் காத்திருக்கும் நேரமும் நாம் பார்க்கும் நேரமும் ஒன்றே. இதில் கதையே இல்லையே என்று ஒளிபரப்பு நிறுவனத்தார் தயங்கினார்கள். மூவரும் பொறுமை இழந்து வெளியேறிய பிறகுதான் அவர்கள் பெயர் கூப்பிடப்படும். 'ஃப்ரெண்ட்ஸ்' 1996இல் ஒரே வீட்டுக்குள், விழாவுக்குக் கிளம்பாமல் அடம்பிடிக்கும் நண்பர்களை வைத்து அதே மாதிரி ஒன்றைச் செய்தது. 2010இல் 'கம்யூனிட்டி' காணாமல்போன ஒரு பேனாவுக்காக எல்லோரையும் ஓர் அறைக்குள் பூட்டியது. இது பாட்டில் எபிசோட்தான் என்று பாத்திரமே வாய்விட்டுச் சொல்லும். மூன்றையும் பல முறை பார்த்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை. தப்பிக்க வழியில்லாத இடத்தில் ஒவ்வொருவரும் தம் குணத்தை முழுதாகக் காட்டவேண்டியிருக்கிறது. அங்கே கதையை நகர்த்த வேறு எதுவும் கிடையாது.

பழைய காட்சிகளை ஒட்டவைத்து ஒரு புது எபிசோட் என்று கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. வீடியோ பரவலாகாத காலத்தில், பார்க்கத் தவறிய காட்சிகளைப் பார்க்க அது ஒரு வாய்ப்பு. இன்று எல்லாமே விரல்நுனியில் இருப்பதால் நான் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறேன். விதிவிலக்கு ஒன்று உண்டு: 2011இல் வந்த ஒரு 'கம்யூனிட்டி' எபிசோட். அதில் எல்லோரும் உருகி உருகி நினைவுகூரும் காட்சிகளில் பெரும்பாலானவை முன்பு வந்தவை அல்ல. புதிதாக எடுக்கப்பட்டவை.

நான் சொல்லவந்த முக்கியமான விஷயம் பகடி பற்றியது, அதாவது இன்னொரு படைப்பை எடுத்துக்கொண்டு கேலியாகத் திரும்பச் செய்வது பற்றியது.

ஒரே நிகழ்ச்சியை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் எபிசோடை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' படம் 1950இல் வந்தது. அதன் வடிவத்தைக் கடன் வாங்காத நீண்டகாலத் தொடரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். மூலத்தில் உண்மை எது என்பது கடைசிவரை பிடிபடாது. சாட்சி சொன்ன ஒவ்வொருவரின் மீதும் நமக்குச் சந்தேகம் மிஞ்சும். சிட்காம்களோ கடைசி இரண்டு நிமிடங்களில் உண்மையைக் கையில் கொடுத்துவிடுகின்றன. எந்த அம்சத்துக்காக அந்த வடிவம் பிறந்ததோ அதைக் கழற்றிவிட்டுச் சட்டையை மட்டும் மாட்டிக்கொள்கிறார்கள். ஆனால் இதிலும் ஒன்று என்னை வாயடைக்க வைத்தது. 'ஆல் இன் தி ஃபேமிலி' 1973இல் குளிர்சாதனப் பெட்டியைப் பழுதுபார்க்க வந்தவர்களை வைத்து இதே வடிவத்தைக் கையாண்டது. குடும்பத் தலைவர் ஆர்ச்சி சொல்லும் கதையில், உதவிக்கு வந்த கறுப்பின இளைஞர் கொடூரமானவராகத் தெரிகிறார். மருமகன் சொல்லும் கதையில் அவரே கூனிக்குறுகி நிற்கிறார். மனைவி ஈடித் சொல்லும்போதுதான் அவர் சாதாரண மனிதராகத் தெரிகிறார். இங்கும் உண்மை கடைசியில் கிடைத்துவிடுகிறது, ஆனாலும் குறையாகத் தெரியவில்லை. முன்முடிவுகள் கண்ணை எப்படி மறைக்கின்றன என்று காட்டவே இந்த வடிவத்தை எடுத்திருக்கிறார்கள்.

சில கதைகள் ஏன் இவ்வளவு தேய்ந்தன என்பதற்குச் சட்டம்கூடக் காரணமாக இருந்திருக்கிறது. 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' 1946ஆம் ஆண்டுப் படம்; தான் பிறக்காமலே இருந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று ஒருவன் பார்க்கும் கதை. 1974இல் அதன் பதிப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். அதனால் தொலைக்காட்சி நிலையங்கள் அதைக் கட்டணமின்றி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை எழுத்தாளர்களானபோது, "நான் பிறக்காமலே இருந்திருந்தால்?" என்ற எபிசோட் தொடருக்குத் தொடர் முளைத்தது. ஒரு கஞ்சனை மூன்று ஆவிகள் சந்தித்துத் திருத்துவதாக டிக்கன்ஸ் 1843இல் எழுதிய கதைக்கும் இதே கதிதான். அதில் எனக்குப் பிடித்த மறுவடிவம் 1988இல் பிரிட்டனில் வந்த 'பிளாக்ஆடர்' சிறப்பு நிகழ்ச்சி. அதில் நல்லவன் ஆவியைச் சந்தித்துக் கெட்டவனாகிறான். மூலக்கதையின் அச்சாணி எது என்று தெரிந்தவர்கள்தான் அதைப் பிடுங்கி மறுபுறம் செருக முடியும்.

பெரும்பாலான பகடிகளில் அந்த உழைப்பு இல்லை. பாத்திரம் பிரபலமான ஒரு படத்தின் உடையில் வந்து, அந்தப் படத்தின் புகழ்பெற்ற தோரணையில் நிற்கும், அந்த இசை ஒலிக்கும், காட்சி முடிந்துவிடும். "உங்களுக்கு இது தெரியும்" என்று சுட்டிக்காட்டுவது மட்டுமே அங்கே நகைச்சுவை. இதன் வெறுமை எனக்குப் புரிந்தது, மகளோடு சேர்ந்து பார்க்கத் தொடங்கிய பிறகுதான். அப்போது அவளுக்கு எட்டு வயது. பதிவுசெய்த சிரிப்பொலி கேட்டதும், "அப்பா, இப்போது என்ன நடந்தது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அங்கே எதுவுமே நடந்திருக்கவில்லை.

அதே மகள், சக் ஜோன்ஸ் இயக்கி 1957இல் வந்த 'வாட்ஸ் ஆப்பரா, டாக்?' கார்ட்டூனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். ஏழு நிமிடங்களுக்குள், ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஆப்பரா என்னும் இசை நாடக உலகம் முழுவதையும் ஒரு முயலும் ஒரு வேடனும் கலைத்துப்போடுகிறார்கள். அவளுக்கு வாக்னர் யாரென்று தெரியாது. அவள் வயதில் எனக்கும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து அந்த இசையை முழுமையாகக் கேட்டபோது, ஏற்கெனவே பழகிய ஒருவரைச் சந்தித்ததுபோல் இருந்தது. 'தி சிம்ப்சன்ஸ்' 1993இல் 'கேப் ஃபியர்' படத்தைப் பகடி செய்தபோது, எபிசோடின் நீளம் போதவில்லை என்பதால், வில்லன் தோட்டத்து வாருகோலை மிதித்து முகத்தில் அடிவாங்கும் காட்சியைத் திரும்பத் திரும்ப வரும்படி நீட்டினார்கள். மூலப்படத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. என் மகளுக்கு அந்த எபிசோடில் இன்றும் நினைவிருப்பது அந்தக் காட்சிதான். மூலத்தைப் பார்க்காத ஒருவர் அந்தக் காட்சியை ரசிப்பாரா என்பதுதான் என் அளவுகோல். அதில் தேறாத பகடியை நான் மறுமுறை பார்ப்பதில்லை.

இந்தச் சிக்கலை எழுத்தாளர்களும் உணர்ந்திருக்கிறார்கள். 'சௌத் பார்க்' 2002இல் ஓர் எபிசோட் முழுவதையும் இதற்கே ஒதுக்கியது. உலகை நாசமாக்க ஒரு சிறுவன் போடும் ஒவ்வொரு திட்டமும் 'தி சிம்ப்சன்ஸ்' தொடரில் ஏற்கெனவே வந்ததாகவே இருக்கும். கடைசியில், அந்தத் தொடரே 'ட்விலைட் ஸோன்' தொடரிலிருந்து எடுத்துக்கொண்டது உண்டே என்ற பேச்சு வரும்.

பழைய கதையை உயிர்ப்பிக்க என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், 2010இல் வந்த ஒரு 'ஃபியூச்சுரமா' எபிசோடைப் பார்க்கச் சொல்வேன். தேய்ந்துபோன உடல்மாற்றக் கதைதான். ஆனால் அங்கே ஒரு விதி வைத்தார்கள்: ஒருமுறை மாறிய இரண்டு உடல்கள் தமக்குள் நேரடியாகத் திரும்ப மாறிக்கொள்ள முடியாது. ஆளாளுக்கு மாறி மாறிச் சிக்கல் முற்றியபின், எல்லோரும் சொந்த உடலுக்கு எப்படித் திரும்புவது? எபிசோடை எழுதிய கென் கீலர் பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். எத்தனை பேர் எப்படி மாறியிருந்தாலும், மாற்றத்தில் கலந்துகொள்ளாத இரண்டு பேர் கூடுதலாகக் கிடைத்தால் எல்லோரையும் சரிசெய்துவிடலாம் என்று ஒரு தேற்றத்தை நிறுவி, அதன் நிரூபணத்தையே பலகையில் எழுதிக் காட்டினார். மற்றவர்கள் இயந்திரத்தைத் தட்டி, மின்னலை வரவழைத்து முடித்துவிடும் இடம் அது. அங்கே ஒருவர் உட்கார்ந்து, "உண்மையிலேயே இது நடந்தால்?" என்று யோசித்திருக்கிறார். அந்தப் பலகை திரையில் வந்த கணம் எனக்கு மெய்சிலிர்த்தது.

பாதிப் பேச்சைக் கேட்டுக் குழம்பும் கதை மட்டும் எனக்கு இன்றும் பொறுக்கமுடியாதது. ஒரே ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துவிடும் சிக்கலை இருபது நிமிடங்கள் இழுக்கிறார்கள். ஆனால் 'ஃபால்டி டவர்ஸ்' மொத்தமே 12 எபிசோடுகள்தான்; பொய்யும் குழப்பமும் அதில் நிரம்பி வழிகின்றன. 1979இல் வந்த ஓர் எபிசோடில், பந்தயத்தில் வென்ற பணத்தை மனைவிக்குத் தெரியாமல் மறைக்கிறார் விடுதிக்காரர். அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல முடியாததற்குக் காரணம் அவர் குணமே. அந்தக் குணத்தை நமக்கு முன்கூட்டியே காட்டிவிட்டதால் நமக்கு எரிச்சல் வருவதில்லை.

மாறாமலே இருக்கவேண்டிய கதைகளும் உண்டு என்று ஒப்புக்கொள்ள எனக்கு நெடுநாள் பிடித்தது. 1969இல் தொடங்கிய முதல் 'ஸ்கூபி டூ' தொடரில் பேயின் முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு மனிதர் இருப்பார். அது எப்போதும் அப்படித்தான். மகள் அந்தக் கணத்துக்காகவே காத்திருப்பாள். பயமுறுத்துவது மனிதர்தான் என்று ஒவ்வொரு முறையும் உறுதிசெய்துகொண்டு தூங்கப் போவாள்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வரிசையாக ஆறேழு எபிசோடுகளைப் பார்த்துத் தள்ளாதீர்கள். இவை வாரத்துக்கு ஒன்றாகப் பார்க்க எழுதப்பட்டவை. ஒரே தொடரை நான் இரண்டு விதமாகவும் பார்த்திருக்கிறேன். இடைவெளி விட்டுப் பார்த்தபோது கண்ணில் படாத தையல்கள், ஒரே மூச்சில் பார்த்தபோது அத்தனையும் தெரிந்தன.

லிஃப்ட் கதையைப் பற்றிச் சொல்லித் தொடங்கினேன். 1972 ஜனவரியில் வந்த 'ஆல் இன் தி ஃபேமிலி' எபிசோட் ஒன்று அண்மையில்தான் எனக்குப் பார்க்கக் கிடைத்தது. லிஃப்ட் நிற்கிறது. உள்ளே ஆர்ச்சி, அவர் வெறுத்துப் பேசும் இனங்களைச் சேர்ந்தவர்கள் அவரைச் சுற்றி. அவர்களில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி. வலி எடுக்கிறது. நோட்டைத் திறந்து "மேற்படி" என்று எழுதப் பேனாவை எடுத்தேன். பிரசவத்தை அவர்கள் காட்டவில்லை. கேமரா ஆர்ச்சியின் முகத்தில் நின்றது. சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த முகம் மெல்ல மெல்ல இளகியது. குழந்தையின் அழுகை கேட்டபோது என் பேனா இன்னும் கையிலேயே இருந்தது.