இலவச சட்ட உதவி வக்கீல்: என் தம்பி ஜாமீனில் வந்த கதை

தம்பிக்கு இரண்டு வருடத் தண்டனை என்று தீர்ப்பு வாசித்த அன்று, நாங்கள் காசு கொடுத்து வைத்திருந்த வக்கீல் வரவில்லை. ஜூனியரை அனுப்பியிருந்தார். அவர் கையில் மனு இல்லை. ஜாமீன்தாரர்களைக் கூட்டி வரும்படி எங்களிடமும் யாரும் சொல்லவில்லை. சாயங்காலமே தம்பியை ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அப்புறம்தான் இலவச சட்ட உதவிக்கான 15100 எண்ணுக்கு போன் செய்தேன். சட்ட உதவிக்கான 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைக்கும். எங்களுக்கு ஒரு வக்கீலம்மாவை நியமித்தார்கள். இலவசம்தானே, ஏனோதானோ என்றுதான் பார்ப்பார்கள் என நினைத்தேன். அவரோ தீர்ப்பு நகலை வரி விடாமல் படித்து, ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே பேசினார்.

"மூணு வருஷத்துக்கு மேற்படாத தண்டனை, ஏற்கெனவே ஜாமீன்ல இருந்த ஆள். அப்பீல் போடப் போறோம்னு அன்னிக்கே மனு கொடுத்திருந்தா, அந்தக் கோர்ட்டே வெளியே விட்டிருக்கும்மா" என்றார். வயிறு எரிந்தது.

செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் செய்ய 30 நாள் அவகாசம் உண்டு. அவர் அந்த வாரமே போட்டார். கூடவே தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 389-ஆவது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 430. அப்பீல் மட்டும் போட்டால் ஆள் வெளியே வரமாட்டார் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

"விசாரணையில ஒரு வாய்தாவாவது தவறினாரா?" என்று கேட்டார். அம்மா மூன்று வருடக் காலண்டர் தாள்களை எடுத்து வந்தார். வாய்தா தேதிக்கெல்லாம் சிவப்பு வட்டம், தம்பி போய் வந்ததும் அதன்மேல் ஒரு டிக். வக்கீலம்மா ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்து, எல்லாத் தேதியையும் மனுவில் சேர்த்தார். நீதிபதி முன்னால் அதைத்தான் முதலில் சொன்னார்.

பதினோராம் நாள் தம்பி வீட்டுக்கு வந்தான்.

பகலில் போனில் பிடிப்பது கஷ்டம், அது ஒன்றுதான் குறை. ஆனால் ராத்திரி அவரே கூப்பிட்டுவிடுவார். ஜாமீனில் இருக்கும் நாட்கள் தண்டனையில் கழியாது, அப்பீல் தோற்றால் மீதியை உள்ளே இருந்துதான் தீர்க்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அப்பீல் இன்னும் நடக்கிறது. அம்மா புதுக் காலண்டரில் அடுத்த வாய்தாவுக்கு வட்டம் போட்டுவிட்டார்.