லண்டன் மரணச் சான்றிதழுக்குத் தரகரிடம் காசு கட்ட முன்

திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு குடும்பத்துக்கு நடந்தது இது. லண்டனில் இறந்துபோன மூத்த மகனின் பேரில் இங்கே ஒரு காணி. வழக்கு வைக்க மரணச் சான்றிதழ் தேவை. வெளிநாட்டுப் பத்திரங்கள் எடுத்துத் தருவதாகப் போர்ட் போட்டிருந்த கடையொன்றில் 28,000 ரூபா கட்டினார்கள். இரண்டு மாதம் கழித்துக் கிடைத்தது வெள்ளை ஏ4 தாளில் ஒரு கலர் பிரின்ட். சட்டத்தரணி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தாளுக்குள் தெரியவேண்டிய நீரெழுத்து (வாட்டர்மார்க்) இல்லை. கடையில் போய்க் கேட்டால், "பீஸ் அங்க கட்டியாச்சு, திரும்ப வராது."

அங்கே கட்டவேண்டிய பீஸ் எவ்வளவு தெரியுமா? இங்கிலாந்து, வேல்ஸ் பதிவுகளை வைத்திருக்கும் ஜெனரல் ரெஜிஸ்டர் ஒஃபிஸ் 2024 ஏப்ரலில் ஒரு பிரதியின் விலையை 11 பவுணிலிருந்து 12.50 ஆக்கியது. அவசரமென்றால் 38.50. சாதாரணப் பிரதிக்கு ஐயாயிரம் ரூபா அளவில் வரும். மீதி யாருக்குப் போனதென்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

தொகை சின்னது; அதை இங்கிருந்து கட்டுவதுதான் பெரும்பாடு. தரகர் பிழைப்பதும் அதிலேதான். பிரிட்டிஷ் போஸ்டல் ஓடர் இங்கே வாங்க முடியாது. வங்கி டிராஃப்ட் எடுத்தால் கொமிஷன் பீஸையே தாண்டலாம்.   

ஆகவே இணையத்தில் கார்டால் கட்டுவதுதான் வழி. பல டெபிட் கார்ட்களில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு பூட்டியே இருக்கும். முதலில் வங்கிச் செயலியிலோ கிளையிலோ திறந்துவிடுங்கள். ஓடிபி வரும் நம்பர் கையில் இருக்கட்டும். 'பேமென்ட் ஃபெயில்ட்' என்று வந்தால் உடனே மறுபடி அழுத்த வேண்டாம். மின்னஞ்சலையும் கணக்கையும் பாருங்கள், இல்லையேல் இரண்டு ஓடர் போய்விடும். லண்டனில் மருமகனோ பெறாமகளோ இருந்தால் அவர்கள் கார்டில் கட்டச் சொல்வது இதையெல்லாம் விட லேசு.

அந்த அலுவலகத்தின் தளத்தைக் கூகிளில் தேடினால் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம். அரசாங்கத் தளம் போலவே நிறமும் முத்திரையும் இருக்கும், விலை பல மடங்கு. தளத்தின் பெயர் 'ஜிஓவி டொட் யூகே' (.gov.uk) என்று முடிகிறதா பாருங்கள். அதன் பிறகு சாய்கோடு (/) வந்தால் பரவாயில்லை; சாய்கோடு இல்லாமல் டொட்டோ சிறு கோடோ போட்டு வேறேதோ தொடர்ந்தால் அது போலி.

அதே அலுவலகம் 8 பவுணுக்குப் பிடிஎஃப் பிரதியும் விற்கிறது. மலிவென்று அதை எடுக்காதீர்கள். அது குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு. சட்ட வேலைக்குச் செல்லாது. உங்களுக்கு வேண்டியது நீரெழுத்துத் தாளில் வரும் அத்தாட்சிப்படுத்திய பிரதி. அதற்கு மேலும் உறுதிப்படுத்தல் தேவையா என்று ஓடர் கொடுக்க முன்பே சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஆள் இறந்தது கிளாஸ்கோவிலா எடின்பரோவிலா என்றால் இந்த அலுவலகத்தில் பதிவே இராது. ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனி அலுவலகங்கள், தனிக் கட்டணம்.

பிரதி வந்துசேர வேண்டிய உங்கள் விலாசத்தை ஆங்கிலத்தில் எழுதி, திருகோணமலைக்குரிய 31000 என்ற தபால் குறியீட்டையும் நாட்டின் பெயரையும் சேருங்கள். வீட்டு இலக்கம் தபால்காரருக்குக் குழப்பமென்றால் கடை அல்லது அலுவலக விலாசம் கொடுங்கள்.