குடித்திருந்தார் என்று முதலாளி சொன்னால்: வாடைக் குறிப்பா, ரத்தப் பரிசோதனையா?

வேலையில் விபத்தில் காயம்பட்டவர் குடித்திருந்தார் என்று சொல்லி முதலாளி இழப்பீட்டை மறுத்தால், முதலில் காயத்தைப் பாருங்கள். தொழிலாளி இறந்துவிட்டாலோ, நிரந்தர முழு ஊனம் ஏற்பட்டாலோ, 1923 ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி போதையைக் காட்டி முதலாளி தப்ப முடியாது. விரல் போனது, கால் முறிந்தது போன்ற பகுதி ஊனத்திலோ தற்காலிக ஊனத்திலோதான் அந்த வாதமே எடுபடும். 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே நிலைதான்.

முதலாளி தரப்பு பெரும்பாலும் நீட்டுவது ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகல்) உள்ள 'மூச்சில் மது வாடை' என்ற ஒற்றை வரி. செலவில்லாத சான்று, பலமும் அவ்வளவுதான். எவ்வளவு குடித்தார், எப்போது குடித்தார் என்று வாடை சொல்லாது. நடை தள்ளாடியதா, பேச்சு குளறியதா, கண்மணி விரிந்திருந்ததா என்றும் டாக்டர் எழுதியிருந்தால் கதை வேறு.

ரத்தப் பரிசோதனை அளவைச் சொல்லும். ஆனால் எடுத்த விதத்தில் ஓட்டை விழும். ஊசி போடும் இடத்தை ஆல்கஹால் உள்ள ஸ்பிரிட் பஞ்சால் துடைத்திருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். குப்பியில் ரத்தம் கெடாமல் காக்கும் சோடியம் ஃபுளோரைடு இல்லாமல் வெயிலில் கிடந்த ரத்தம் புளித்து, தானே ஆல்கஹால் உண்டாக்கலாம். எடுத்த நேரம், சீல், ரத்தக் குப்பி யார் யார் கைக்கு மாறியது என்ற பதிவு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் என்பது வாகனம் ஓட்டுவதற்கான வரம்பு. இழப்பீட்டுச் சட்டத்தில் எண்ணே கிடையாது.

இரண்டில் எது வந்தாலும், விபத்துக்கு நேரடிக் காரணம் போதைதான் என்று முதலாளி காட்டியாக வேண்டும். காப்புத் தகடு கழற்றப்பட்ட பிரஸ் மெஷின், குடிக்காதவர் கையையும்தான் நசுக்கும்.