நீருக்கு மேலே பாதி, கீழே பாதி: ஐரோப்பிய வாட்டர் போலோ தொடரை இணைய நேரலையில் பார்த்த அனுபவம்

2024 ஜனவரி 4 முதல் 16 வரை குரோஷியாவில் நடந்த ஆடவர் ஐரோப்பிய வாட்டர் போலோ (நீச்சல் குளத்தில் இரண்டு அணிகள் பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம்) சாம்பியன்ஷிப்பை முதல் ஆட்டத்திலிருந்து இறுதி வரை பார்த்துவிட வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, ஓர் இணைய நேரலைச் சேவைக்கு ஒரு மாதச் சந்தா கட்டினேன். அந்தச் சேவையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒளிபரப்பு உரிமை தொடருக்குத் தொடர் கைமாறிக்கொண்டே இருப்பதால், அடுத்த முறை இந்த விளையாட்டைப் பார்க்க நினைப்பவருக்கு அந்தப் பெயரைவிட, ஒரு வாட்டர் போலோ நேரலை எப்படி இருக்க வேண்டும் என்ற அளவுகோல்தான் அதிகம் பயன்படும். அந்த அளவுகோலின்படி பார்த்தால், நான் வாங்கிய சேவை தொடரின் எல்லா ஆட்டங்களையும் தந்தது. ஆனால் ஆட்டத்தில் பாதியைத்தான் காட்டியது.

பாதி என்று சொல்வதை அப்படியே பொருள்கொள்ளலாம். ஓர் அணிக்குக் கோல்காப்பாளரையும் சேர்த்து ஏழு பேர். தலா எட்டு நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகள். விசில் ஊதிப் பந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் கடிகாரமும் நின்றுவிடும் என்பதால் 32 நிமிட ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும். களத்தில் ஆடுபவர்கள் அடித்தளத்தில் கால் ஊன்றி ஆடக் கூடாது. அவர்கள் நிற்பது போலத் தோன்றும்போதெல்லாம் இரண்டு கால்களும் நீருக்குள் மாறி மாறி எதிரெதிர்த் திசைகளில் சுழன்றுகொண்டிருக்கின்றன. எக்பீட்டர் என்று அழைக்கப்படும் அந்தச் சுழற்சியின் பலத்தில்தான் ஒரு வீரர் இடுப்பு வரை எழும்பி ஒற்றைக் கையால் பந்தை எறிகிறார். கோலுக்கு எதிரே, இரண்டு மீட்டர் தொலைவில் உள்ள கோட்டை ஒட்டி, தடுப்பாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இடம்பிடிக்கும் சென்டர் ஃபார்வர்டைப் பார்த்தால், மேலிருந்து இரண்டு தொப்பிகள் உரசிக்கொண்டிருப்பது மட்டுமே தெரியும். கீழே அவர்களுடைய கால்களும் கைகளும் நடத்தும் மல்லுக்கட்டுதான் அந்தத் தாக்குதலின் முடிவைத் தீர்மானிக்கிறது. அதனால் நீருக்கடிக் கேமரா வாட்டர் போலோ ஒளிபரப்புக்கு ஓர் அலங்காரமல்ல, அடிப்படைத் தேவை என்று நான் கருதுகிறேன். கோல் விழுந்த பின் வரும் மறுகாட்சிகளில் எப்போதாவது ஒரு முறை அந்தக் கோணம் வந்தது. வந்தபோதெல்லாம், அதுவரை வெறும் முரட்டுத்தனமாகத் தெரிந்த ஒரு மோதல், தோளைத் திருப்பி இடுப்பால் இடம்பிடிக்கும் நுட்பமாகப் புரிந்தது. கேமராவைத் தேர்ந்தெடுக்கும் வசதியை ஒரு பொத்தானாகத் தந்திருந்தால் கூடுதல் கட்டணமும் கொடுத்திருப்பேன்.

படத்தின் தரத்துக்கு வருவோம். மற்ற விளையாட்டுகளைக் குறையின்றிக் காட்டும் ஒரு சேவை நீர் விளையாட்டில் தடுமாறுவதற்குத் தெளிவான தொழில்நுட்பக் காரணம் உண்டு. முந்தைய படச்சட்டத்தோடு ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதுதான் காணொளிச் சுருக்கத்தின் அடிப்படை. புல்தரையில் பின்னணி பெரும்பாலும் அசையாமல் இருக்கும். நீச்சல் குளத்திலோ பதினான்கு பேர் அலைக்கழிக்கும் நீர்ப்பரப்பு முழுவதும் ஒவ்வொரு கணமும் மாறிக்கொண்டே இருக்கிறது. அனுப்பும் தரவின் அளவு போதாதபோது அலைகள் கட்டம் கட்டமாக உடைந்து, அதற்குள் பந்து காணாமல் போகிறது. தரத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் அமைப்பில் விட்டிருந்த முதல் இரண்டு நாட்களும், கோல் விழுந்ததை வலை அசைந்த பிறகே தெரிந்துகொண்டேன். மூன்றாம் நாள் உயர்ந்த தரத்தைக் கையால் நிலைநிறுத்தி, வைஃபையை விட்டுக் கம்பி இணைப்புக்கு மாறிய பின், பந்து எறிபவரின் கையை விட்டுக் கிளம்பும் கணம்வரை துல்லியமாகத் தெரிந்தது. இந்த விளையாட்டை இணையத்தில் பார்க்க நினைப்பவர்கள் முதல் ஆட்டத்துக்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தந்தது கடிகாரம். அப்போதைய விதிகளின்படி பந்தைப் பெற்ற அணி 30 விநாடிக்குள் கோலை நோக்கி எறிந்தாக வேண்டும். எறிந்த பந்து திரும்பி வந்து அதே அணியின் கையில் சிக்கினாலோ, கார்னர் கிடைத்தாலோ, 20 விநாடி. பெரிய தவறு செய்த வீரர் 20 விநாடி வெளியேற்றப்பட்டு, தன் கோல்கோட்டு மூலையில் உள்ள மறுநுழைவுப் பகுதியில் காத்திருப்பார். அதற்குள் கோல் விழுந்தாலோ, பந்து அவருடைய அணிக்கு மாறினாலோ மட்டுமே முன்கூட்டித் திரும்பலாம். அந்த இடைவெளியில் ஆறு பேர் ஐந்து பேரைத் தாக்குகிறார்கள். பெரும்பாலான ஆட்டங்கள் வெல்லப்படுவதும் இழக்கப்படுவதும் இந்த ஆறுக்கு ஐந்து நேரங்களில்தான். அப்படிப்பட்ட ஆட்டத்தில் தாக்குதல் கடிகாரத்தையும் வெளியேற்றக் கணக்கையும் பார்க்க முடியாவிட்டால், ஒருவர் ஏன் அவசரமாக எறிந்தார், இன்னொருவர் ஏன் பொறுமையாகப் பந்தைச் சுற்றவிட்டார் என்பதே புலப்படாது. ஒளிபரப்பில் அந்த எண்கள் திரையின் அடிப்பகுதியில் இருந்தன. சேவையின் இயக்கப்பட்டையோ தொடுதிரையில் விரல் பட்டவுடன் எழுந்து, பல விநாடிகள் அவற்றின் மீதே நின்றது. தொலைக்காட்சிக்கு மாற்றிப் பார்த்தபோது இந்தச் சிக்கல் இல்லை. கைபேசியில் பார்த்தவர்களுக்கு ஆட்டத்தின் நாடித்துடிப்பே மறைந்துபோயிருக்கும். வாடிக்கையாளர் உதவிக்கு எழுதினேன். மூன்று நாளில் நாகரிகமான பதில் வந்தது, மாற்றம் வரவில்லை.

வர்ணனை சில ஆட்டங்களுக்கு ஆங்கிலத்தில் இருந்தது, பல ஆட்டங்களுக்கு எந்த மொழியிலும் இல்லை. தமிழில் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வர்ணனையற்ற ஆட்டங்களே எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தன என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். குளத்தின் இரு பக்கமும் நடந்துகொண்டே இருக்கும் நடுவர்களின் விசிலும் கைகளுமே ஒரு முழு மொழி. தவறு செய்தவரைச் சுட்டிக்காட்டிக் கையைக் களத்தின் எல்லையை நோக்கி வீசினால் வெளியேற்றம். அடுத்து விரல்களால் தொப்பி எண்ணைக் காட்டுவார். ஐந்து விரல்களை விரித்துக் கையை உயர்த்தினால் பெனால்டி, அதாவது ஐந்து மீட்டர் தொலைவிலிருந்து கோல்காப்பாளரை மட்டும் எதிர்த்து ஓர் எறிதல். மூன்று பெரிய தவறுகள் சேர்ந்தவர் அந்த ஆட்டத்துக்கு மீண்டும் நீரில் இறங்க முடியாது. இவற்றைத் தெரிந்துகொண்டு, பயிற்சியாளர்களின் கூச்சலையும் அரங்கின் இரைச்சலையும் மட்டும் கேட்டுக்கொண்டு பார்த்த இரண்டாவது வாரத்தில், முதல் வாரத்தில் பார்த்ததைவிட இரண்டு மடங்கு புரிந்தது. சேவை ஒரேயொரு பக்கத்தில் இந்தச் சைகைகளை விளக்கியிருந்தால் புதியவர்கள் எத்தனையோ பேர் பாதியில் விட்டுப்போகாமல் இருந்திருப்பார்கள்.

ஆட்டங்கள் துப்ரோவ்னிக், சாக்ரெப் ஆகிய இரு நகரங்களிலும் நடந்தன. முதலில் இந்தத் தொடர் இஸ்ரேலின் நெத்தன்யாவில் நடப்பதாக இருந்தது. 2023 அக்டோபரில் போர் மூண்டதால் குறுகிய காலத்தில் குரோஷியாவுக்கு மாற்றப்பட்டது. அந்த அவசரத்தை மீறிப் பதினாறு நாடுகளின் அணிகளை வரவேற்று, ஆட்டங்களை ஒழுங்காக நடத்தியது பாராட்டத்தக்கது. துப்ரோவ்னிக் ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். 1923இல் தொடங்கிய யூக் வாட்டர் போலோ கழகத்தின் ஊர் அது. கோடைக்காலத்தில் அந்த நகரத்தின் ஒவ்வொரு கடற்கரையும் ஓர் அணியாகத் திரண்டு கடலிலேயே ஆடும் ‘காட்டு லீக்’ என்ற மரபும் அங்கே உண்டு. கடலில் ஆடி வளர்ந்த ஒரு கூட்டம் பார்வையாளர் இருக்கைகளில் இருக்கும்போது ஒலியிலேயே வித்தியாசம் தெரிகிறது. கோலுக்கு மட்டும் எழும் ஆரவாரம் அல்ல அது. ஒரு தடுப்பாளர் சரியான நேரத்தில் கையை உயர்த்திப் பந்தின் பாதையை அடைத்ததற்கும் அங்கே கைதட்டல் எழுந்தது.

இனி, இந்தச் சேவையின் மீது நான் வைக்கும் மிகக் கடுமையான குற்றச்சாட்டு. நேர வேறுபாட்டால் சில ஆட்டங்களை மறுநாள் பார்க்க வேண்டியிருந்தது. முழு ஆட்டப் பதிவுகள் இரண்டு மணி நேரத்துக்குள் கிடைத்துவிட்டன, அது நல்லதே. ஆனால் ஒவ்வொரு பதிவின் முகப்புப் படத்திலும் இறுதி முடிவு பெரிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. ஒரு கோல் வித்தியாசத்திலும் பெனால்டி எறிதல்களிலும் முடியும் விளையாட்டில் இதைவிடப் பெரிய அநியாயம் செய்ய முடியாது.

ஸ்பெயின் ஆடவர் அணியின் கதையைத் தெரிந்தவர்களுக்கு இந்த வலி இன்னும் நன்றாகப் புரியும். 1926இல் புடாபெஸ்டில் தொடங்கிய இந்தச் சாம்பியன்ஷிப்பில் முதல் பட்டத்தை வென்ற ஹங்கேரி அதன்பின் பட்டங்களாகக் குவித்தது; யூகோஸ்லாவியாவும் அதைத் தொடர்ந்து செர்பியாவும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன; ஸ்பெயினுக்கு மட்டும் ஒன்றுகூட வாய்க்கவில்லை. 2018இல் சொந்த மண்ணான பார்சிலோனாவில் இறுதிக்கு வந்து, செர்பியாவிடம் பெனால்டி எறிதல்களில் தோற்றது. 2020இல் புடாபெஸ்டில் மறுபடியும் இறுதி, மறுபடியும் பெனால்டி, இம்முறை ஹங்கேரியிடம் தோல்வி. அடுத்தடுத்த இரண்டு இறுதிகளை ஐந்து மீட்டர் தொலைவில் பறிகொடுத்த ஓர் அணி, 2024இல் மீண்டும் இறுதிக்கு வந்து, நடப்புச் சாம்பியனான குரோஷியாவை அதன் தலைநகரத்திலேயே சந்திக்கிறது. அணித்தலைவர் ஃபெலிப்பே பெரோனே ரியோ டி ஜெனிரோவில் பிறந்தவர், 2016 ரியோ ஒலிம்பிக்கில் பிரேசிலுக்காக ஆடிவிட்டு மீண்டும் ஸ்பெயினுக்குத் திரும்பியவர், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர். இந்த ஆட்டத்தை முடிவு தெரிந்துகொண்டு பார்ப்பதைவிடப் பார்க்காமலே இருந்துவிடலாம் என்று தோன்றியதால், ஜனவரி 16 அன்று மற்ற வேலைகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு நேரலையிலேயே உட்கார்ந்தேன்.

அன்றைக்குச் சேவை என்னைக் கைவிடவில்லை. ஒருமுறைகூடப் படம் நிற்கவில்லை, வர்ணனை இருந்தது, நீருக்கடிக் கோணமும் மற்ற நாட்களைவிட அதிகமாக வந்தது. ஸ்பெயின் 11–10 என்று வென்றது. ஒரே ஒரு கோல். கடைசி விசிலுக்குப் பிறகு நெடுநேரம் திரையை அணைக்க மனமில்லாமல் இருந்தேன். குளத்திலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்த வீரர்களை ஒளிபரப்பாளர் விளம்பரத்துக்காக வெட்டாமல் காட்டியதற்கு நன்றி சொல்ல வேண்டும். தோற்ற குரோஷியாவும் கலங்கி நின்றுவிடவில்லை என்பதை அடுத்த மாதமே தோஹாவில் பார்த்தோம். அங்கே நடந்த உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் அது இத்தாலியைப் பெனால்டி எறிதல்களில் வென்றது.

அந்த நாளிலும் ஒரு குறை உண்டு. நேரலை என்று சொல்லப்படுவது உண்மை நேரத்திலிருந்து கிட்டத்தட்ட அரை நிமிடம் பின்தங்கியிருந்தது. தாக்குதலுக்கு 30 விநாடி என்று அப்போது விதி இருந்த விளையாட்டில் அரை நிமிடம் என்பது ஒரு முழுத் தாக்குதல். அதாவது, என் திரையில் ஓர் அணி பந்தைச் சுற்றவிடத் தொடங்கும்போதே அதன் முடிவு உலகுக்குத் தெரிந்திருக்கிறது. இறுதி ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியில், மதிப்பெண் அறிவிக்கும் செயலி என் கைபேசியில் அதிர்ந்து, இன்னும் நான் பார்க்காத ஒரு கோலைச் சொல்லிவிட்டது. அதன்பின் கைபேசியை அணைத்து வேறு அறையில் வைத்தேன்.

சந்தா மாத முடிவில் தானாகப் புதுப்பிக்கப்படும் வகையில் அமைக்கப்பட்டிருந்தது. அதை நிறுத்தும் வழி நான்கு பக்கங்களுக்குள் இருந்தது என்றாலும் நிறுத்திய உடனே உறுதிக் கடிதம் வந்துவிட்டது, பணமும் கூடுதலாகப் பிடிக்கப்படவில்லை. பதிவுகள் சந்தாக் காலம் முடியும்வரை இருந்தன. அந்த நாட்களில் இறுதி ஆட்டத்தை இன்னும் இரண்டு முறை பார்த்தேன்: முதலில் வர்ணனையோடு, பிறகு ஒலியைக் குறைத்து, பந்தைத் தொடராமல், பந்திலிருந்து விலகி கோலுக்கு எதிரே உரசிக்கொண்டிருந்த அந்த இரண்டு தொப்பிகளை மட்டும் கவனித்தபடி.