தெர்மாகோல் அடைச்ச தீத்தடுப்புக் கதவு: ஓசூர்ல ₹1,92,000 போச்சு, விடுதி வச்சிருக்கிறவங்க படிங்க

நேத்து சாயங்காலம் தீயணைப்பு அலுவலர் வந்துட்டுப் போனதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. ராத்திரி பூரா புரண்டு படுத்துட்டு இன்னைக்கு இதை எழுதுறேன். வார்த்தை அங்கங்க தடிச்சிருந்தா பொறுத்துக்கோங்க. ஒரு லட்சத்து தொண்ணூற்றிரண்டாயிரம் ரூபா. எட்டுக் கதவு. எட்டும் குப்பை.

கடை பேரு, ஆள் பேரு எதையும் போடல. வக்கீல் போடாதீங்கன்னு சொல்லிட்டார். விக்கிறவங்களையும் வாங்குறவங்களையும் சேர்த்து வைக்கிற ஆப் இருக்கே, ஒரு பொருளைத் தேடினா அடுத்த நிமிஷமே பத்துப் பேர் போன் பண்ணுவாங்களே, அந்த மாதிரி ஒண்ணுல பிடிச்ச ஆள். அவ்வளவுதான் சொல்ல முடியும். கதவு வாங்கும்போது என்னென்ன பாக்கணும்னு கடைசில விவரமா எழுதுறேன்.

சிப்காட் கம்பெனிகள்ல வேலை பாக்குற பொண்ணுங்களுக்காக நானும் என் வீட்டுக்காரியும் ஒரு விடுதி நடத்துறோம். கீழ சமையல்கட்டு, மேல மூணு மாடி, ரெண்டு படிக்கட்டு. பெண்கள் விடுதிக்கு 2014-ல வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி லைசென்ஸ் எடுக்கணும், அதுக்குத் தீயணைப்புத் துறை சான்றும் வேணும். அந்த வேலையில இறங்கினப்பதான் படிக்கட்டு வாசல்ல எல்லாம் தீத்தடுப்புக் கதவு போடணும்னு தெரிஞ்சது. ஒரு மாடியில தீப்பிடிச்சா அந்தப் புகை படிக்கட்டுக்குள்ள நுழையக் கூடாது, நுழைஞ்சா மேல இருக்குற பிள்ளைங்க இறங்கவே முடியாது. மாடிக்கு ரெண்டுன்னு ஆறு கதவு, சமையல்கட்டுக்கு ஒண்ணு, கரண்ட் பேனல் ரூமுக்கு ஒண்ணு. எட்டும் 120 நிமிஷம் தாங்குற இரும்புக் கதவா கேட்டேன்.

ரெண்டு கம்பெனிக்காரங்க கதவுக்கு 36,000 சொன்னாங்க, ஜி.எஸ்.டி. தனி. இவன் 22,500 சொன்னான். எட்டுக்கு 1,80,000, மாட்டுற கூலி 12,000. "பில் வேண்டாம்னா ஜி.எஸ்.டி. இல்லண்ணா"ன்னான். நான் தலையாட்டினேன். என் புத்தி போன முதல் இடம் அது. மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல.

ஆனா நான் விழுந்தது விலையில இல்ல. மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவனே நேர்ல வந்தான். முப்பது வயசு இருக்கும், சட்டையை இன் பண்ணி, கையில அளவு டேப். பேசினதும் நம்ம பக்கத்துப் பேச்சுன்னு தெரிஞ்சது. "பாலக்கோடு பக்கம்ணா, தாத்தா காலத்துலயே பெங்களூரு போயிட்டோம்"ன்னான். நம்ம பக்கத்துப் பையன்னு சொன்னதும் என் வீட்டுக்காரி இலை போட்டுட்டா. சாப்பிட்டுக்கிட்டே அத்திப்பள்ளிக் கதையை எடுத்தான். 2023 அக்டோபர்ல ஓசூரைத் தாண்டினதும் இருக்கிற அத்திப்பள்ளியில பட்டாசுக் கடை எரிஞ்சதே, செத்ததுல நம்ம தருமபுரி மாவட்டத்துப் பசங்களும் உண்டே. "அதை நினைச்சா எனக்குத் தூக்கம் வராதுக்கா. பொண்ணுங்க தங்குற இடத்துல நான் காசு பாப்பனா?"ன்னு அவளைப் பாத்துச் சொன்னான். அவ கண்ணு கலங்கிடுச்சு. செத்துப்போன பிள்ளைங்களைச் சொல்லி வியாபாரம் பண்ணியிருக்கான். இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.

அப்புறம் பைக்குள்ள இருந்து ஒரு அடிக்கு ஒரு அடி கதவுத் துண்டை எடுத்தான், கூடவே ஒரு சின்ன கேஸ் டார்ச். ஒரு பக்கம் நீல நெருப்பை வச்சு அஞ்சு நிமிஷம் காட்டினான். தகடு செவந்துடுச்சு. "அக்கா, இந்தப் பக்கம் கை வைங்க"ன்னான். அவ பயந்துகிட்டே வச்சா. சூடே இல்ல. சிரிச்சுட்டா. நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்போட விலைதான் ஒரு லட்சத்து தொண்ணூற்றிரண்டாயிரம். போகும்போது ரெண்டு கிலோ செந்தூரா மாம்பழம் வேற கட்டிக் கொடுத்து அனுப்பினோம்.

அந்தத் துண்டுக்குள்ள ராக்வுல் இருந்திருக்கு, கல்லை உருக்கிப் பஞ்சு மாதிரி செஞ்சது, தீப்பிடிக்காது. வந்த கதவுல இல்ல, அது வேற கதை. ஆனா டார்ச் காட்டுறது சோதனையே இல்லைன்னு எனக்கு நேத்துதான் தெரியும். முழுக் கதவையும் நிலையோட, கீல், பூட்டு, கதவைத் தானா மூட வைக்கிற குளோசர் எல்லாம் சேர்த்துச் சுவர்ல மாட்டி உலை வாயில வைப்பாங்களாம். உலைச் சூடு அரை மணி நேரத்துல 842 டிகிரி, ரெண்டு மணி நேரத்துல 1,049 டிகிரி. அந்தப் பக்கம் நெருப்பு தாண்டக் கூடாது. சூடு தடுக்குற கதவுன்னு சொன்னா வெளிப்பக்கத்துச் சூடும் ஆரம்பத்துல இருந்ததை விடச் சராசரியா 140 டிகிரிக்கு மேல ஏறக் கூடாது. அடுப்பு பத்த வைக்கிற டார்ச்சை வச்சு எங்களை முட்டாளாக்கிட்டுப் போயிட்டான்.

92,000 ஜிபே பண்ணினேன், கம்பெனிக் கணக்குக்கு இல்ல, ஏதோ ஒரு பொம்பளை பேர்ல இருந்த நம்பருக்கு. "எங்க அக்கவுண்டன்ட்"ன்னான். மிச்சம் 1,00,000 கதவு வந்த அன்னைக்கு ரொக்கமா.

ஜூன் ரெண்டாவது வாரம் மினி லாரியில கதவு வந்துச்சு. கூட வந்த மூணு பசங்க கன்னடத்துல பேசிக்கிட்டே ஒரே நாள்ல எட்டையும் மாட்டிட்டாங்க. ஒரு பையன் கதவைத் தனியா தலையில தூக்கி வச்சு மூணாவது மாடிக்கு விறுவிறுன்னு ஏறினான். எவ்வளவு பலசாலின்னு நான் வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேர் சேர்ந்து தூக்கினாலே மூச்சு வாங்கணும் அந்தக் கதவுக்கு! அன்னைக்குப் பக்கத்துல பூச்சு வேலை பாத்துக்கிட்டு இருந்த எங்க கொத்தனார், "தம்பி, நிலைக்குள்ள கலவை அடைக்காம நுரையை அடிக்கிறானுங்களே, இது நிக்குமா?"ன்னு கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது புது டெக்னாலஜிண்ணே"ன்னேன். அறுபது வயசு மனுஷன், ஒண்ணும் பேசாம கரண்டியைக் கழுவிட்டுப் போயிட்டார்.

பதினஞ்சு நாள்ல ஒவ்வொண்ணா ஆரம்பிச்சது. கதவு தானா மூடணும், மூடினதும் நாக்கு போய்ப் பூட்டுல விழணும். ரெண்டாவது மாடிக் கதவு பாதியிலேயே நின்னுடும். சமையல்கட்டுக் கதவு மூடும், ஆனா நாக்கு விழாது, காத்தடிச்சா தொறந்துக்கும். போன் பண்ணினேன். "பாத்துடலாம்ணா, ரெண்டு நாள்." ரெண்டு நாள் போச்சு. "அம்மாவுக்கு ஆஸ்பத்திரிண்ணா." சரி, பாவம்னு விட்டேன். அடுத்த வாரம், "சர்வீஸ் வேற டிபார்ட்மென்ட்ணா, நம்பர் அனுப்புறேன்." அந்த நம்பர்ல ஒரு பொண்ணு, "வாரன்டி கார்டு நம்பர் சொல்லுங்க சார்." கார்டே குடுக்கலம்மான்னேன். "அப்ப சேல்ஸ்ல கேளுங்க சார்." சேல்ஸ்ல கேட்டா அவன் எடுக்கிறதில்ல. என் வீட்டுக்காரி நம்பர்ல இருந்து அடிச்சா ஒரே ரிங்ல எடுத்தான். என் குரலைக் கேட்டதும், "சிக்னல் இல்லண்ணா."

பொறுக்க முடியாம நம்ம தெரு வெல்டரைக் கூப்பிட்டேன். பூட்டைக் கழட்டினார். ஓட்டைக்குள்ள விரலை விட்டு எடுத்தார். விரல் பூரா வெள்ளை வெள்ளையா மணி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஊதினா பறக்குது, போக மாட்டேங்குது, மறுபடி சட்டையில வந்து ஒட்டுது. "அண்ணா, இது டிவி பொட்டியில வர்ற தெர்மாகோல்"ன்னார். லைட்டர் வச்சுப் பாத்தோம். சுருங்கி, கருகி, கறுப்புப் புகை. தீயைத் தடுக்கிற கதவுக்குள்ள தீக்குத் தீனி! உள்ள தேன்கூடு மாதிரி அட்டை இருந்தா அதை வச்சே போலின்னு சொல்லிட முடியாதாம், முறையா சோதிச்ச இரும்புக் கதவுலயும் அது உண்டாம். ஆனா அவன் காட்டின துண்டுல இருந்தது ராக்வுல், எங்க கதவுல இருந்தது தெர்மாகோல்.

ஓரத்துல ஒட்டியிருந்த கறுப்புப் பட்டையையும் ஒரு துண்டு வெட்டினார். சூடு பட்டா அது பல மடங்கு உப்பி, கதவுக்கும் நிலைக்கும் நடுவுல இருக்கிற இடுக்கை அடைக்கணும். இது உருகிச் சொட்டிச்சு. ஏ.சி. ரூம் ஜன்னல்ல ஒட்டுற ஸ்பாஞ்சு.

வீடியோ எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்ல. மறுநாள் அனுப்பினான்: "அண்ணா, லேபிள் கூரியர்ல போட்டிருக்கேன்." நான் கதவுக்குள்ள தெர்மாகோல்ங்கிறேன், அவன் லேபிள்ங்கிறான். சொன்ன மாதிரியே கூரியர் வந்துச்சு. எட்டு அலுமினியத் தகடு, 120 நிமிஷம்னு அச்சடிச்சது, ஒரு பாலிதீன் கவர்ல ரிவெட் ஆணி, நீங்களே அடிச்சுக்கோங்கன்னு ஒரு சீட்டு. எட்டுத் தகட்டுலயும் ஒரே வரிசை எண். கதவு செய்யுற இடத்துலயே அடிச்சு வர வேண்டிய தகடு அது, கல்யாணப் பத்திரிகை மாதிரி தபால்ல வருது.

ஆப்ல புகார் பண்ணினேன். அவன் பக்கத்துல பச்சை டிக் போட்டிருக்கீங்களே, நம்பித்தானே வாங்கினேன்னு கேட்டேன். "ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கான்னு மட்டும்தான் சார் நாங்க பாப்போம், பொருளுக்கு நாங்க பொறுப்பில்ல"ன்னு ஆப் கம்பெனியில பேசின பொண்ணு ஒப்பிச்சது. நாலாவது நாள் மெசேஜ்: உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் கொடுப்பீர்கள்? போனைத் தூக்கி எறியப் போனேன், வீட்டுக்காரிதான் பிடுங்கினா.

நேத்து அலுவலர் வந்தார். நல்ல மனுஷன், குரலை உயர்த்தவே இல்ல. கதவுக்கும் நிலைக்கும் நடுவுல இருந்த இடுக்குல என் செல்போனை வாங்கி நுழைச்சுக் காமிச்சார். பக்கவாட்டுலயும் மேலயும் இந்த இடுக்கு 3 மில்லிமீட்டர் பக்கம்தான் இருக்கணும் சார்ன்னார். நடுவுல இருந்த கண்ணாடியைத் தட்டிப் பாத்தார். சாதாரணக் கண்ணாடி, சூடு பட்டா வெடிச்சு விழும். சான்றிதழ் எங்கன்னார். வாட்ஸ்அப்ல அவன் அனுப்பிச்ச பி.டி.எஃப்-ஐக் காமிச்சேன். நான் ஒரு தடவைகூட முழுசாப் படிக்கல. அவர் மூக்குக் கண்ணாடியை ஏத்திவிட்டுப் படிச்சார். வேற மாநிலத்துல வேற யாரோ கம்பெனி, ரெட்டைக் கதவு, கண்ணாடி வைக்காதது. "யாரோ எழுதின பரிட்சையோட மார்க் ஷீட்டை நீங்க கொண்டு வந்து காட்டுறீங்க சார்"ன்னார். அப்பவும் அமைதியாத்தான் சொன்னார். மூணாவது மாடிக்குப் போனா எங்க வார்டன் அக்கா கதவுக்குச் செங்கல் முட்டுக் குடுத்து வச்சிருக்காங்க, காத்து வரட்டும்னு. "அசல் கதவே போட்டிருந்தாலும் இந்தக் கல்லு இருக்கிற வரைக்கும் அது கதவு இல்லம்மா"ன்னார். அது எங்க தப்பு. சான்று கிடைக்கல.

கிருஷ்ணகிரி வக்கீல்கிட்ட பேசினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமாம், ஆனா வியாபாரத்துக்கு வாங்கின பொருள்னு எதிராளி முதல் வாதமே வைப்பானாம். சொந்தப் பிழைப்புக்கு நாங்களே நடத்துறதுன்னு காட்டணும். "பில் எங்க?"ன்னு கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் தரையைப் பாத்தேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிச்சுப் புகார் பதிஞ்சிருக்கேன். போலீசுக்கும் போறேன்.

விவரமா எழுதுறேன்னு மேல சொன்னேன், இப்ப எனக்குக் கை ஓடல. சுருக்கமா: பில் இல்லாம வாங்காதீங்க. தீத்தடுப்புக் கதவுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 3614-ன்னு வாயால சொன்னாப் போதாது, உங்களுக்கு விக்கிற கம்பெனி பேர்லயே, உங்க கதவு மாதிரிக்கே, அளவுக்கே சோதனை அறிக்கை இருக்கணும், அந்த லேபுக்கு நீங்களே போன் பண்ணிக் கேளுங்க. தகடு கதவுலயே அடிச்சு வரணும். தூக்கிப் பாருங்க. மாட்டும்போது நிலைக்குள்ள என்ன அடைக்கணும்னு சோதனை அறிக்கையில என்ன இருக்கோ அதுதான். வாங்கினப்புறம் ஓரத்துல இருக்கிற உப்புற பட்டை மேல பெயின்ட் அடிக்காதீங்க, புதுசா ஓட்டை போடாதீங்க, மாசம் ஒரு தடவை கையை எடுத்தா தானா மூடிப் பூட்டு விழுதான்னு பாருங்க. செங்கல் வைக்காதீங்க. கொத்தனார் கேள்வி கேட்டா பதில் சொல்லுங்க.

இன்னைக்குக் காலைல பழைய இரும்புக் கடைக்காரரை வரச் சொன்னேன், எட்டையும் கழட்டிப் போட்டாவது கொஞ்சம் காசு வரட்டும்னு. சுத்தி வந்து பாத்தார், கையால தட்டினார். உள்ள இருக்கிற தெர்மாகோலை நீங்களே பிரிச்சு எடுத்துட்டு வெறும் தகடாக் குடுத்தா எடுத்துக்குறேன்ங்கிறார். குப்பை வண்டிக்காரர்கிட்ட கேட்டேன். இவ்வளவு தெர்மாகோலை அவரும் எடுக்க மாட்டாராம்.